பொருள்: பாசேஜ் டூம் – சுருங்கையா, இடைகழியா?

> அயர்லாந்துப் பெருங்கற்காலச் சின்னங்கள் பற்றிய கட்டுரைக்கு பாசேஜ் டூம் (passage tomb) = சுருங்கைக் கல்லறை, வெட்ஜ் டூம் (wedge tomb) = ஆப்புக் கல்லறை என்று போட்டிருக்கிறேன். சரிதானா ஐயா?

தம்பி, சுருங்கை நல்ல பழஞ்சொல். ஆனால் மண்ணுக்கடியில் மறைவாகப் போகும் வழி அது. அயர்லாந்தின் பெயர்பெற்ற பாசேஜ் டூமான நியூகிரேஞ்சில் யாரும் நிலத்தைக் குடையவில்லை. ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன் தரைமேலேயே இருபுறமும் கற்களை நிறுத்தி, மேலே பலகைக்கல் பாவி, அதன்மீது கல்லும் மண்ணும் குவித்திருக்கிறார்கள். மேட்டின் குறுக்களவு 85 மீட்டர் வரும். வழி 19 மீட்டர்தான். அதன் கோடியில் அறை.

வாசலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இப்படிக் கிடக்கும் வழிக்கு நம் வீட்டிலேயே பெயர் உண்டே! இடைகழி. பேச்சில் ரேழி ஆகிவிட்டது. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்றதும் இடைகழியில்தான். ஆகவே 'இடைகழிக் கல்லறை' என்பேன்.

ஆப்பு வேண்டவே வேண்டாம், பையன்கள் சிரிப்பார்கள். அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் உள்ள வெட்ஜ் டூம்கள் வாசல் பக்கம் அகன்று உயர்ந்து, பின்னால் போகப்போகக் குறுகித் தாழ்பவை. 'ஒடுங்குதிட்டை' எனலாம். வினைத்தொகை, சொல்லவும் எளிது. சித்தர் அடங்கிய இடத்தை ஒடுக்கம் என்கிறோமே, அந்தச் சாயலும் ஒட்டிக்கொள்ளும். அதே பர்ரனில் உள்ள பூல்னபுரோன் என்ற கல்லறைக்குப் புதுச்சொல் எதற்கு? தரைக்கு மேலே தெரிவது கற்திட்டை, மண்ணுக்குள் பதுங்கியது கற்பதுக்கை என்று நம் தொல்லியலார் பிரித்து வைத்திருக்கிறார்கள். அது கற்திட்டையேதான்.

---

> நன்றி ஐயா. ஆனால் இடைகழி என்றால் வாழும் வீட்டு நினைவு வராதா? இன்னொன்று: நியூகிரேஞ்சைச் சுற்றியுள்ள கற்களைக் கல்வட்டம் என்றே எழுதிவிட்டேன்.

வரட்டுமே. இறந்தவருக்கு வீடு கட்டியவர்கள்தானே அவர்கள். நம் ஊர்க்காரர்களும் கற்திட்டையை வாலியர் வீடு, குள்ளர் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

கல்வட்டத்தில்தான் சிக்கல். நம்மிடம் அது கற்குவையைச் சரியவிடாமல் சுற்றி அணைத்துக் கிடக்கும் பாறாங்கற்களின் பெயர். அங்கே அந்த வேலையைச் செய்பவை மேட்டடியில் கிடைமட்டமாகப் பதித்த 97 கற்கள். சற்றுத் தள்ளி நிமிர்ந்து நிற்பவை பின்னால் வந்தவை; இன்று 12 எஞ்சியிருக்கின்றன. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் வாசகர் குழம்புவார். முன்னதை 'அணைகற்கள்' என்றும் பின்னதைக் 'குத்துக்கல் வட்டம்' என்றும் எழுதுங்கள். நடுகல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வீரன் வந்து நின்றுவிடுவான்.

---

ஐயா, திருத்திவிட்டேன். மீதி ஒன்று: ரூஃப் பாக்ஸ் (roof-box). நியூகிரேஞ்சின் வாசலுக்கு மேலே உள்ள திறப்பு. 1967 டிசம்பரில் அகழாய்வாளர் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்தபோது, குளிர்கால நீள்இரவு முடிந்த காலையில் சூரிய ஒளி இதன் வழியாகத்தான் அறைவரை எட்டியது. கூரைப்பெட்டி என்றால் பரண் போல ஒலிக்கிறது. 'ஒளிப்புழை' எனலாமா? நம் கற்திட்டைகளின் பலகைக்கல்லில் இட்டிருக்கும் துளையான இடுதுளையோடும் குழம்பாது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையேல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.