பல் கேப் ஒரு வாரம் ஆடுது, ஒரு வாரம் இறங்க மாட்டேங்குது: லேப்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கோவை லேப்காரன்:

எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் சின்ன டென்டல் லேப். மெழுகு, மெட்டல் காலத்திலிருந்து வந்தவர்கள். ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானில் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) கடையும் மில்லிங் மெஷின் வாங்கிய முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒரு டாக்டர் போன் செய்து "கேப் லொடலொடன்னு ஆடுது" என்பார். வியாழக்கிழமை இன்னொருவர் "பாதியிலேயே நிக்குது" என்பார். முதலில் டாக்டர்கள் எடுத்த அளவைக் குறை சொன்னோம். அப்புறம் ஸ்கேனரை. அதை இரண்டு தடவை காலிபரேட் செய்தும் ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் பார்த்தால், கோளாறு ஜிர்கோனியா டிஸ்க் (கேப் கடையும் வட்டு) மேல் போட்டிருக்கும் ஒரு எண்ணில். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜிர்கோனியாவை சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும்போது கடைந்து, பிறகு 1500 டிகிரி வாக்கில் சுட வேண்டும். சுடும்போது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதனால் முதலிலேயே பெரிதாகக் கடைவோம். எத்தனை மடங்கு பெரிதாக என்பது லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும். 1.227, 1.242 என்று கம்பெனியே போட்டுத் தரும்.

எங்கள் பையன் பாதி பயன்படுத்திய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும்போது, முந்தின டிஸ்க்கின் எண்ணை மாற்றாமலே ஓட்டிவிடுவான். அவனைத் திட்டியும் பயனில்லை. எழுத்து தேய்ந்த நாலு பாதி டிஸ்க் பெட்டியில்லாமல் ஒரே டிராயரில் கிடந்தால் அவன்தான் என்ன செய்வான்? 1.242 போட வேண்டிய இடத்தில் 1.227 போட்டால், உள்ளளவு 10 மி.மீ. வரவேண்டிய கேப் 9.88-க்கு வந்து நிற்கும். பக்கத்துக்கு 60 மைக்ரான் குறைவு. கேப்பைப் பல்லில் ஒட்டும் சிமென்ட்டுக்கு நாங்கள் விடும் இடமே 50 மைக்ரான்தான். எப்படி இறங்கும்? மாற்றிப் போட்டால் ஆடும்.

அப்புறம்தான் கேஸுக்கு (டாக்டர் தரும் ஒவ்வொரு வேலைக்கும்) ஒரு அட்டை போட்டோம். லாட் நம்பர், சுருக்க எண், எந்த பர் (கடையும் முனை), ஃபர்னஸில் (சுடும் உலையில்) எந்த புரோகிராம், யார் கை. எங்கள் சீனியர் அண்ணனுக்கு இருபது வருஷக் கை. "கையில இல்லாத வேலையை அட்டையா கொண்டுவரப் போகுது?" என்றார். நான் வாதாடவில்லை. டிராயரில் இருந்த ஒரு பாதி டிஸ்க்கில், மெஷினில் இருந்த எண்ணோடு 10 மி.மீ. சதுரக் கட்டி ஒன்றைக் கடைந்து சுட்டு, அவர் கையிலேயே வெர்னியரைக் கொடுத்தேன். மூன்று தடவை துடைத்துத் துடைத்து அளந்தார். 9.88. ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் அட்டையில் அவர் கையெழுத்து இருந்தது.

சின்டரிங் சித்தப்பா:

தம்பி, எண் சரியாக இருந்தும் ஃபர்னஸ் காலை வாரும். திரையில் 1500 என்று காட்டும், உள்ளே அவ்வளவு இருக்காது. உள்ளே சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நாளாக நாளாகப் பொய் சொல்லும். சூட்டுக்குத் தக்கபடி சுருங்கும் பீங்கான் வளையம் ஒன்று விற்கிறார்கள். கேஸோடு சேர்த்துச் சுட்டு, அதன் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து அட்டவணையில் பார்த்தால் உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று தெரிந்துவிடும். நாங்கள் மாதம் ஒரு முறை போடுகிறோம்.

எங்கள் லேபில் பெரிய இழப்பு வேறு மாதிரி வந்தது. பல் நிறம் கொடுக்கும் ஷேடு லிக்விடில் நனைத்த அஞ்சு பல் பிரிட்ஜ் (சேர்ந்தாற்போல் ஒரே துண்டாகச் செய்த பல் வரிசை), மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் சீக்கிரம் முடியும் புரோகிராமைத் தட்டிவிட்டார். காலையில் நடுப்பல்லில் மயிரிழை விரிசல். இப்போது ஃபர்னஸில் 1, 2, 3 என்று புரோகிராம் கிடையாது. "ஒத்தை", "பிரிட்ஜ்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். கரன்ட் போய் வந்தால் அதையும் எழுத வேண்டும். முன்பெல்லாம் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவோம், நான் உட்பட.

புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்வது செயற்கை இடுப்பு மூட்டுக் கதை. அதுவும் ஜிர்கோனியாதான். பிரான்ஸில் ஒரு கம்பெனி 1998-ல் தொகுதி தொகுதியாகச் சுடுவதை விட்டுவிட்டு, வரிசையாக ஓடும் டனல் ஃபர்னஸுக்கு மாறியது. பொடி அதே, அளவும் அதே. ஆனால் அந்த மூட்டுத் தலைகளில் சில லாட்டுகள் மனிதர்களின் உடம்புக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் உடைந்தன. 2001-ல் திரும்பப் பெற்றார்கள். சுடும் முறையை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்று பாடம் நடத்துவதைவிட இது சீக்கிரம் ஏறுகிறது.

போர்சலின் அக்கா:

என் பக்கம் சின்ன விஷயம்தான். ஜிர்கோனியா மேல் போர்சலின் (பல் நிறப் பீங்கான் பூச்சு) ஏற்றிய கேஸ்கள் ஆறு மாதத்தில் சிப் ஆகி, அதாவது சில்லு பெயர்ந்து, திரும்பி வந்தன. பவுடரை மாற்றினேன், பிரஷ்ஷை மாற்றினேன். காரணம், சுட்டதும் ஃபர்னஸைத் திறந்து டக்கென்று வெளியே எடுக்கும் என் பழக்கம். மெட்டலில் அது ஒன்றும் செய்யாது. ஜிர்கோனியா சூட்டைச் சீக்கிரம் விடாது. மேலே ஆறி உள்ளே ஆறாமல் போர்சலினில் இழுவிசை தங்கிவிடும். கடைசிச் சூட்டில் மெதுவாக ஆறவிடும்படி புரோகிராமிலேயே பூட்டி வைத்துவிட்டேன். போர்சலின் ஃபர்னஸைச் சோதிக்க வெள்ளிக் கம்பி போதும் சித்தப்பா. 962 டிகிரியில் உருகும், அதற்கு ஐந்து டிகிரி கீழே வைத்தால் உருகக் கூடாது.

கிளினிக்கிலிருந்து ஒருவன்:

நான் பல் டாக்டர். இங்கே எல்லாரும் தங்கள் தப்பைச் சொல்வதால் நானும் சொல்லிவிடுகிறேன். கேப் உயரமாக இருந்து எதிர்ப்பல்லில் இடித்தால், நோயாளி வாயைத் திறந்து காத்திருக்கும் அவசரத்தில், தண்ணீர் இல்லாமல் முரட்டு டயமண்ட் பர் வைத்துத் தேய்த்திருக்கிறேன். இரண்டு கடைவாய்ப்பல் கேப் பிற்பாடு பிளந்து வந்தபோது லேபைத்தான் திட்டினேன். இப்போது தண்ணீரோடு, மென்மையான பர். தேய்த்த இடத்தை பாலிஷ் செய்யாமல் அனுப்புவதில்லை. லேப்காரரே, உங்கள் அட்டையில் டாக்டருக்கும் ஒரு வரி விடுங்கள்.

கோவை லேப்காரன்:

விட்டுவிடலாம் டாக்டர். அக்கா, வெள்ளிக் கம்பி யோசனைக்கு நன்றி, நாளைக்கே நகைக்கடைத் தெருவில் வாங்கிவிடுகிறேன். சித்தப்பா, அட்டையின் போட்டோ கேட்டால் அனுப்புகிறேன், சிரிக்கக் கூடாது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், "பர் எத்தனை கேஸ் ஓடியது" என்ற கட்டத்தைத் தவிர. பர் மழுங்கினால் கேப்பின் ஓரம் பொடிப்பொடியாக உதிரும், அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாரையும் எழுத வைக்க முடியவில்லை. யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.