குகைப் பக்கம் ஒரு தெரு: வீடு முதல்லயா, சங்கம் முதல்லயா?

குகைத்தெருக்காரன் கேட்டது:

வணக்கம். சேலம் குகைப் பக்கம், திருமணிமுத்தாறை ஒட்டின தெரு எங்களது. அறுபது வீடு இருக்கும். பாதி ஓட்டு வீடு, கொஞ்சம் மெத்தை வீடு, ஆத்தோரம் ஒரு வரிசை முழுக்க தகரக் கொட்டகை. தறி ஓடுற வீடு இன்னும் அஞ்சாறு இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் கொலுசு வேலைதான். வசதி வந்த சொந்தக்காரங்க அழகாபுரம், ஹஸ்தம்பட்டின்னு போயிட்டாங்க. பழைய வீட்டை மூணா தடுத்து வாடகைக்கு விட்டிருக்காங்க, ஆனா ஓடு மாத்தக்கூட வர்றதில்ல.

நான் பெங்களூர் வேலையை இப்ப வீட்டுல இருந்தே பாக்கறேன். தெருவுல என் செட்டுப் பசங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஏதாவது பண்ணலாம்னு இருக்கோம். மூணு பக்கம் இழுக்குது. ஒரு கம்பெனிக்காரங்க சுவர் பூரா ஓவியம் வரைஞ்சு, பெஞ்சு போட்டுத் தர்றோம்கறாங்க. சில பேர் வீட்டுத் திட்டத்துல எழுதிக் கொடுப்போம்கறாங்க. ஆத்தோர வரிசைக்கு ஊருக்கு வெளிய அடுக்குமாடி வரப் போறதா பேச்சு வேற. இன்னும் சில பேர் முதல்ல சங்கத்தைப் பதிவு பண்ணு, அப்புறம் எதுவானாலும் கேக்கலாம்கறாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம் போட்டுப் பாத்தோம். ஆம்பளைங்க மட்டும் வந்தாங்க. சாக்கடைப் பேச்சு எடுத்ததும் சண்டை, கூட்டம் கலைஞ்சிடுச்சு. எதுல ஆரம்பிக்கறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

கொண்டலாம்பட்டி பைபாஸ்:

ஓவியம் வேண்டாம்னு சொல்லல. ஆனா கடைசியில வெச்சுக்கங்க. சாக்கடை நாறுற தெருவுல மயில் வரைஞ்சா, போட்டோ எடுக்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் எடுப்பான்.

அப்புறம், மேல இருந்து பெரிய திட்டம் வந்து நம்ம தெருவைத் தொடும்னு காத்திருக்காதீங்க. ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல சேலம் 2016-லயே வந்துடுச்சு. பழைய பஸ் ஸ்டாண்டு 2023-ல ஈரடுக்கா திறந்தாச்சு. நல்லாத்தான் இருக்கு, நானே தினமும் அங்கதான் பஸ் ஏறுறேன். ஆனா அந்த மாதிரி திட்டம் மெயின் ரோட்டோட நின்னுடும். சந்துக்குள்ள வரணும்னா சந்துல இருக்கறவங்கதான் போய்க் கூப்பிடணும்.

அம்மாபேட்டை அக்கா:

தம்பி, சாக்கடையில ஆரம்பிங்க. சண்டை வந்துச்சுன்னு வருத்தமா எழுதியிருக்கீங்க. எதைப் பேசினா சண்டை வருதோ அதுலதான் அத்தனை பேருக்கும் அக்கறை இருக்கு. பெஞ்சுக்கு யாரு சண்டை போடுவா?

நான் மகளிர் குழுவுல ஊக்குநரா, அதாவது குழுவை முன்ன நின்னு நடத்தறவளா இருந்து, அப்புறம் பல குழு சேர்ந்த கூட்டமைப்புலயும் இருந்தவ. சுய உதவிக் குழுவெல்லாம் நம்ம பக்கத்து தருமபுரியில 1989-ல ஆரம்பிச்சது, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல சேலத்துக்கும் வந்துடுச்சு. அதனால இந்த ஊர்ல கூட்டம் நடத்தத் தெரிஞ்ச பொம்பளைங்களுக்குப் பஞ்சமே இல்ல. உங்க தெருவுலயும் இருப்பாங்க, நீங்க கூப்பிடல, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை காலையில கறி எடுத்து வெச்சிருக்கற வீட்டுல எந்தப் பொம்பளை வெளிய வருவா? ராத்திரி எட்டரைக்கு மேல, தெரு விளக்கு நல்லா எரியற இடத்துல வைங்க. கொலுசுக்குச் சலங்கை கோக்கறவங்க தட்டோட வந்து உக்காரட்டும். கை வேலை பாத்துக்கிட்டே பேசுவாங்க, வேகமாவும் முடியும்.

எங்க தெரு நெசவாளர் தெரு. சாக்கடை எப்படி இருந்துச்சுன்னா, ஆளாளுக்கு வாசப்படியை முன்னால இழுத்து, சாக்கடை மேல கடப்பாக்கல்லைப் போட்டு, சிமெண்ட் பூசி, வண்டி ஏத்த சாய்தளமும் வெச்சிருந்தோம். தூர் வார வர்றவங்க மம்பட்டியை எங்க போடுவாங்க? திறந்து கிடக்கற ரெண்டு சாண் இடத்துல அள்ளிட்டுப் போயிடுவாங்க. நல்ல மழை வந்தா அத்தனையும் தறிக்குழிக்குள்ள இறங்கும். குழித்தறின்னா உங்களுக்குத் தெரியும், மிதி இருக்கற பள்ளம் அது. தண்ணி நின்னா வடியற வரைக்கும் தறி ஓடாது. வெண்பட்டுப் பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூல்ல, சேத்துத் தண்ணி பட்டுட்டா அந்தப் பாவுக்குக் கூலியும் கிடையாது, வசவு மட்டும்தான்.

எல்லாருக்கும் விஷயம் தெரியும். யார் வீட்டுக் கல்லை முதல்ல உடைக்கறதுங்கறதுலதான் நின்னுச்சு. நான் ஊக்குநர்ங்கறதால என் வீட்டுக் கல்லை எடுத்தோம். முழுசா எடுத்துப் போடல. கல்லைத் துண்டா அறுத்து, ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு இரும்பு வளையம் பதிச்சு, ரெண்டு பேர் தூக்கற எடைக்கு ஆக்கி அதே இடத்துல வெச்சோம். வாசலும் போகல, வண்டியும் ஏறுது, வேணும்ங்கறப்ப திறந்துக்கலாம். கொத்தனார் கூலிக்குக் குழுவுல இருந்து கடன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் தன் கல்லைத் தொடக்கூடாதுன்னுட்டார். அடுத்த மழையில தண்ணி அவர் வீட்டுல மட்டும் ஏறுச்சு. மறுநாள் அவரே வந்து, வளையம் எந்தக் கடையில வாங்குனீங்கன்னு கேட்டார்.

அதுக்கப்புறம்தான் எங்க தெருவுல ஒரு கூட்டம் போட்டா ஆள் வர ஆரம்பிச்சது. சங்கமெல்லாம் பின்னாடி. பதிவு பண்ண 1975-ஆம் வருஷச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாப் போதும், ஆனா வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும். வேலை ஒண்ணும் நடக்காம பதிவு பண்ண சங்கம் எத்தனையோ, போர்டு மட்டும் தொங்கிட்டு இருக்கு.

தலைவருக்கு எங்க போறதுன்னு யோசிக்காதீங்க. ஆடி மாசம் குகை மாரியம்மனுக்கு வண்டியை அலங்கரிச்சு, சாமி வேஷம் போட்டு ஊர்வலமா வண்டி வேடிக்கை கட்டறீங்களே, அந்த வேலையை யாரு பாக்கறா? சீரியல் பல்பு வாடகைக்குப் பிடிக்கறது, வேஷம் போட ஆள் சேக்கறது, ராத்திரி ராத்திரியா சாரம் கட்டறது, ஒவ்வொரு ரூபாய்க்கும் நோட்டுல கணக்கு. இத்தனையும் தெரிஞ்ச ஆளுங்க உங்க தெருவுலயே இருக்காங்க. அவங்களையும் மகளிர் குழுவையும் ஒண்ணா உக்கார வைங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைக்க வேணாம். கோயில் நோட்டுல குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி கொடுக்கறவங்க பேர்தான் இருக்கும். வாடகைக்கு இருக்கறவங்க, ஆத்தோர வரிசைக்காரங்க, வேத்து சாதி, வேத்து மதம், யாரும் அதுல இருக்க மாட்டாங்க. அந்த நோட்டை வெச்சே தெருவுக்கும் முடிவு எடுத்தீங்கன்னா பாதித் தெரு வெளிய நிக்கும். வீட்டு நம்பரை எண்ணாம அடுப்பை எண்ணுங்க. மூணா தடுத்த வீட்டுல மூணு அடுப்பு, மூணு பேருக்கும் கூட்டத்துல பேச்சு உண்டுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. பெரியவங்க முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும்.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். பிரதமர் வீட்டுத் திட்டத்துல அவங்கவங்க இடத்துலயே கட்டிக்கறதுக்கு நம்ம ஊர்ல இத்தனை வருஷம் கொடுத்தது 2.10 லட்சம்: ஒன்றிய அரசு 1.50, மாநிலம் 60 ஆயிரம். அதுவும் அடித்தளம், லிண்டல், கூரைன்னு கட்டக் கட்டத்தான் வரும். முதல் கட்டத்துக்குக் கையில காசு இல்லாதவன் வட்டிக்கு வாங்கித்தான் தொடங்குவான். இப்ப ரெண்டாம் கட்டத் திட்டம் வேற வந்திருக்கு, தொகையை விசாரிச்சுக்கங்க. எந்தத் திட்டம்னாலும் இடம் உங்க பேர்ல இருக்கணும். அதனால மனு எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டு இடமும் பதிவேட்டுல என்னன்னு இருக்குன்னு பாருங்க. ஊர்க் குடியிருப்புக்கு விட்ட நத்தமா, பட்டாவா, கோயில் இடமா, நீர்நிலைப் புறம்போக்கா? ஆத்தோர வரிசை பெரும்பாலும் கடைசி வகையாத்தான் இருக்கும். அதுக்குப் பட்டா வாங்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா கொடுக்க விடாதீங்க.

இன்னொண்ணு. தறிக்காரங்களை மாடி வீட்டுக்கு அனுப்பற பேச்சு வந்தா முதல்லயே எழுத்துல சொல்லிடுங்க. மூணாவது மாடியில குழி தோண்ட முடியாது. பாவு நீட்ட பாவடின்னு நீளமான திறந்த இடம் வேணும், அதை லிஃப்ட்ல கொண்டு போக முடியாது. கொலுசு வேலைக்கும் அதே கதைதான், கேஸ் வெச்சு ஊதற வேலையை அடுக்குமாடியில யாரு விடுவா? நம்ம ஊர்ல வீடுங்கறது பட்டறையும் சேத்துத்தான்.

மூணாவது மாடி:

அக்கா சொன்னது சரி. ஆனா மாடி வீடுன்னாலே மோசம்னு ஆக்கிடாதீங்க. நான் அரசோட வாரியக் குடியிருப்புலதான் இருக்கேன். எங்க ஊர் எதுன்னு சொல்லல. என் அம்மாவுக்கு வாழ்க்கையில முதல் தடவையா கதவு வெச்ச கக்கூஸ் கிடைச்சது இங்கதான். மழைக்கு ராத்திரி முழிச்சு உக்கார வேண்டியதில்ல.

கஷ்டம் என்னன்னா, பழைய தெருவுல பக்கத்துப் பக்கத்துல இருந்தவங்களை குலுக்கல்ல பிரிச்சுப் போட்டாங்க. குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போக ஆள் இல்ல. மோட்டார் கெட்டா யார் சரி பண்றதுன்னு ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டே இருந்தோம். 2021-ல குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாத்தினாங்க, அந்த சமயத்துலதான் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ வந்தது. நாங்க மாசம் கட்டற பராமரிப்புப் பணத்துக்கு ஈடா அரசும் போடும். ஆனா சங்கம் இருக்கணும், வங்கிக் கணக்கு இருக்கணும். எங்க பிளாக்குல சங்கம் எழுந்ததே பழைய தெருவுல ஒண்ணா இருந்த நாலு பொம்பளைங்களாலதான். பக்கத்து பிளாக்குல இன்னமும் குடத்தோட படியேறுறாங்க.

அதனால ஆத்தோர வரிசைக்கு நிஜமாவே ஒதுக்கீடு வந்தா மூணு விஷயம் கேளுங்க: எல்லாரும் ஒரே பிளாக்குல வேணும், தறி இருக்கறவங்களுக்குத் தரைத்தளம் வேணும், வீட்டுக்கு நாம கட்ட வேண்டிய பயனாளி பங்குத் தொகை எவ்வளவுன்னு எழுத்துல வேணும். சாவி வாங்கின பிறகு கேட்டா யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

ஏற்காடு அடிவாரம்:

நகரத் திட்டமிடல் படிச்சவன், கொஞ்ச காலம் பாஸ்டன்ல இருந்தவன். அங்க ராக்ஸ்பரியில டட்லி வீதின்னு ஒரு பகுதி. 1980-கள்ல 1,300-க்கு மேல காலி மனை, அதுல பாதி, வீட்டுக்காரங்களே வீட்டுக்குத் தீ வெச்சதால காலியானதுன்னு பேச்சு, ஊர்க் குப்பை அத்தனையும் அங்கதான். 1984-ல ஒரு அறக்கட்டளை பணத்தோட வந்து நிர்வாகக் குழு அமைச்சது. குடியிருக்கறவங்க கூட்டத்துல எழுந்து, இந்தக் குழுவுல இங்க வாழறவங்க எத்தனை பேர்னு கேட்டாங்க. குழுவையே மாத்தி அமைக்க வேண்டியதாச்சு. கறுப்பர், லத்தீன், கேப் வெர்டி தீவுக்காரங்க, வெள்ளையர்னு நாலு சமூகத்துக்கும், தலை எண்ணிக்கை எதுவானாலும், சம இடம். அக்கா சொன்ன அடுப்புக் கணக்குக்கு இது பக்கத்துல வருது.

அவங்களும் முதல்ல எடுத்தது வீடு இல்ல, குப்பை. அதுக்குப் பிறகு 1988-ல அந்தக் காலி மனைகளைக் கையகப்படுத்தற அதிகாரத்தையே நகர நிர்வாகத்துக்கிட்ட இருந்து வாங்கினாங்க. வீடு வாங்கறவருக்குச் சொந்தம், மனை பொது அறக்கட்டளை பேர்ல. விக்கலாம், ஆனா விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஏன்னா தெரு சுத்தமானதும் விலை ஏறும், விலை ஏறினா சுத்தம் பண்ணவனே முதல்ல வெளிய போவான். நம்ம ஊர் ஏரிக்கரைகள்லயும் இதைப் பாக்கலாம். 2010-ல மக்கள் குழு மூக்கனேரியைத் தூர்வாரி, திட்டுகள் அமைச்சு, மரம் வெச்சது. ஏரி பிழைச்சது, அதுல எனக்குப் பெருமைதான். ஆனா ‘ஏரி வியூ’ன்னு மனை விளம்பரமும் கூடவே வந்துடும்.

இங்க அந்த அமெரிக்கச் சட்டம் கிடையாது, அப்படியே எடுத்து வைக்க முடியாது. உங்க பகுதிப் பாவடி யார் பேர்ல இருக்குன்னு மட்டும் பாத்து வைங்க. சமூகப் பொது இடமா இருந்தா, தனி ஆள் யாரும் வித்துட முடியாத நிலம் அது. 2021-ல ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தப்ப பல ஊர்ல சாயங்கால வகுப்புக்கு இடம் தேடி அலைஞ்சாங்க. பிள்ளைங்க படிக்க, பாவு நீட்ட, கூட்டம் போட அது ஒண்ணு போதும். சுத்துச்சுவர், விளக்குன்னா அரசும் மக்களும் சேர்ந்து பணம் போடற ‘நமக்கு நாமே’ திட்டத்துல கேட்டுப் பாருங்க, மக்கள் பங்கா குறைஞ்சது மூணுல ஒண்ணு கேப்பாங்க.

குகைத்தெருக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கம்பெனிக்காரங்கிட்ட ஓவியம் அப்புறம் பாக்கலாம், கல் அறுக்கற மெஷின் வாடகை தருவீங்களான்னு கேட்டேன். ‘அதுல எங்க லோகோ எங்க வரும்’கறாங்க.

ராத்திரிக் கூட்டம் போட்டோம். பொம்பளைங்க வந்தாங்க, சண்டையும் வந்துச்சு, ஆனா யாரும் எழுந்து போகல. ஆத்தோர வரிசையில இருந்து ஒரு பாட்டி, ‘எங்க கல்லை உடைக்க எங்களுக்கு வாசலே இல்லையே, நாங்க என்ன கொடுக்கறது’ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. அப்புறம் வார்டுல அந்தந்தப் பகுதிக்காரங்க கூடிப் பேசற பகுதி சபான்னு ஒண்ணு இருக்காமே, அதுல கொண்டு போறதா, கவுன்சிலரை நேரா பாக்கறதா?

அம்மாபேட்டை அக்கா:

ரெண்டும். பகுதி சபா 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல இருந்து நடக்குது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். கவுன்சிலரை முன்னாடியே பாத்து, இதைத்தான் கேக்கப் போறோம்னு சொல்லிடுங்க. திடீர்னு சபையில கேட்டா அவங்களுக்குக் கோபம் வரும், வேலை தள்ளிப் போகும். ஒரே மனு, ஒரே கோரிக்கை: கல்லைத் திறந்து வெக்கிறோம், எந்தத் தேதியில தூர் வார ஆள் வரும்? மனுவோட ஏற்பு ரசீதை வாங்காம வந்துடாதீங்க.

பாட்டிக்கிட்ட காசு கேக்காதீங்க. ஆத்துப் பக்கம் சாக்கடை போய்ச் சேர்ற வாய் அவங்க வரிசையிலதான் இருக்கும், அதுல அடைப்பு வந்தா முதல்ல பாக்கறதும் அவங்கதான். குழுவுல அவங்க பேரையும் எழுதிக்கங்க, கல்லைத் தூக்கற கடப்பாரை அவங்க வீட்டுல இருக்கட்டும். வளையம் செவ்வாய்ப்பேட்டையில இரும்புக் கடையில கிடைக்கும். அரை இஞ்சுக் கம்பியில வாங்குங்க, மெல்லிசு வாங்கினா ஒரு வருஷத்துல துரு தின்னுடும்.