அலபாமா கல்ஃப் ஸ்டேட் பார்க்: பீச் லாட்ஜா, டென்ட்டா? வீட்ல சண்டை, தீர்ப்பு சொல்லுங்க

அட்லாண்டா மருமக:
மக்களே, ஜூலை நடுவுல அலபாமா கடற்கரை ஊர் கல்ஃப் ஷோர்ஸ் போறோம். ஊர்லேர்ந்து அத்தை மாமா வந்திருக்காங்க, கூட ரெண்டு வாண்டுங்க. வெளிய காண்டோ (வாடகை ஃபிளாட்) வேணாம், ஸ்டேட் பார்க்குள்ளயே தங்கணும்ங்கிறது வரைக்கும் ஒத்துப்போயாச்சு. கடலைப் பாத்தாப்ல ஹில்டன் நடத்துற லாட்ஜ் இருக்கு, உள்ள கேம்ப்கிரவுண்டும் இருக்கு. வீட்டுக்காரர் டென்ட்ங்கிறார், நான் லாட்ஜ்ங்கிறேன்.

டென்ட்டுதாசன்:
இதுல யோசிக்க என்ன இருக்கு சிஸ், டென்ட்தான். கிட்டத்தட்ட 500 சைட் (கேம்ப் போடுற இடம்) இருக்கு, தண்ணி கரண்ட் எல்லாம் சைட்லயே வந்துரும், 28 மைலுக்கு சைக்கிள் டிரெயில், பசங்க வண்டியை எடுத்துட்டுப் போனா சாப்பாட்டுக்குதான் திரும்பி வருவாங்க. ஏசி ரூம்ல அடைஞ்சு கிடக்கணும்னா அட்லாண்டாவுலேயே கிடக்கலாமே, எதுக்கு அஞ்சாறு மணி நேரம் ஓட்டணும்?

ஹன்ட்ஸ்வில் அக்கா:
தம்பி, ஜூலை மாசம் அந்தக் கரையில ராத்திரி டென்ட்ல படுத்திருக்கியா? விடிய விடிய 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறங்காது, புழுக்கம்னா நம்ம மெட்ராஸ் மே மாசமேதான், சாயங்காலம் ஆனா இடி மழை வேற. வயசானவங்களை அதுல படுக்க வெப்பியா?
இன்னொன்னு யாரும் சொல்லல. கேம்ப்கிரவுண்டு பீச்ல இல்லம்மா. கடலுக்கு ஒன்றரை மைல் இருக்கும், நடுவுல ஹைவே 182 வேற. மணல்ல டென்ட் போட்டு அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்னு உங்க வீட்டுக்காரர் நெனச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பீச்ல ராத்திரி எதையும் விட்டுட்டு வரக்கூடாது, சேரை விட்டாக்கூட எடுத்துட்டுப் போயிடுவாங்க. மே டு அக்டோபர் ஆமை முட்டை போடுற சீசன், டார்ச் அடிக்கவும் கூடாது.

டென்ட்டுதாசன்:
ஒன்றரை மைல் சைக்கிள்ல பத்து நிமிஷம்க்கா. என் கடுப்பு வேற. ஸ்டேட் பார்க்னா சாதாரண ஜனம் கம்மி காசுல கடலைப் பாக்குற இடம். அங்க போய் 350 ரூம் ஹோட்டலைக் கட்டி வெச்சிருக்காங்க. அதுவும் யாரு காசுல? 2010ல பிபி எண்ணெய்க் கிணறு வெடிச்சு 11 பேர் செத்து, 87 நாள் கடல்ல எண்ணெய் கொட்டுச்சே, அதுக்கு வாங்குன இழப்பீட்டுல 5.85 கோடி டாலரை இந்த லாட்ஜுக்கும் கான்ஃபரன்ஸ் ஹாலுக்கும் ஒதுக்குனாங்க. செத்தது மீனு, நாசமானது மண்ணு, பரிகாரம் ஹோட்டல் ரூமா?

மொபைல் ஊர்க்காரன்:
(மொபைல்ங்கிறது ஊர் பேரு பாஸ், இங்கதான் இருக்கேன்.) பாதிக் கதைய மட்டும் சொல்லாதீங்க. அங்க 1974லேர்ந்தே லாட்ஜ் இருந்துச்சு, 2004 ஐவன் புயல் அடிச்சு நொறுக்கிடுச்சு, அதுக்கப்புறம் பதினாலு வருஷம் பீச்ல பார்க்குக்குனு லாட்ஜே கிடையாது. கேஸ் போட்டாங்க, 2016ல ஃபெடரல் கோர்ட்டு "வேற வழி இருக்கானு ஒழுங்கா ஆராயாம இந்தக் காசத் தொடாதே"ன்னுச்சு, திரும்ப ஆராய்ஞ்சு ஒப்புதல் வாங்கித்தான் செலவு பண்ணாங்க. 2018 நவம்பர்ல தொறந்தது. மணல்மேடு சீரமைப்பு, டிரெயில் எல்லாமும் அதே திட்டத்துலதான் வருது. நீங்க சைக்கிள் ஓட்டுற பாதையிலயும் அந்தக் காசு இருக்கும் 🙂
அலபாமா பார்க்குங்க பெரும்பாலும் தன் வருமானத்துலதான் ஓடுது. 2015ல பணம் இல்லாம அஞ்சு பார்க்கை இழுத்து மூடுனாங்க, ஞாபகம் இருக்கா? மறு வருஷம் ஓட்டுப் போட்டுதான் பார்க் வருமானத்தை வேற எதுக்கும் எடுக்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துல ஏத்துனாங்க. லாட்ஜ்ல ரூம் நிரம்புனா உங்க டென்ட்டுக்கும் நல்லது.

டென்ட்டுதாசன்:
அதே ஓட்டுலதான் ஹோட்டலை தனியார் நடத்தலாம்னும் சேத்து நுழைச்சாங்க, அதைச் சொல்ல மாட்டீங்களே. எண்ணெய் கொட்டுனப்போ பீச்சுக்கு வர முடியாம போன ஜனத்துக்கான ஈடுன்னு கணக்கு காட்டுனாங்க. தூண்டிலும் ஐஸ் பெட்டியுமா காலைல வந்து சாயங்காலம் போற ஆளுக்கு ரூம் எதுக்கு? அவனுக்கு அந்த 1540 அடி மீன்பிடிப் பாலம்தான் உசுரு. அதை 2020ல சாலி புயல் ஒடிச்சுட்டுப் போச்சு.

மொபைல் ஊர்க்காரன்:
பாலத்துல நீங்க சொல்றது சரிதான், மறுக்கல. கொடுமை என்னன்னா புதுப்பிச்சு திறப்பு விழா வெச்சிருந்த அன்னிக்கே சாலி வந்துச்சு, செப்டம்பர் 16, ஐவன் அடிச்ச அதே தேதி. ஆனா ஹோட்டலே கூடாதுன்னா முடியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்க எல்லாம் கடலை டிவியிலயா பாக்கறது?

ஹன்ட்ஸ்வில் அக்கா:
ரெண்டு பேரும் அசெம்பிளிய வெளிய வெச்சுக்கோங்கப்பா, அந்தப் பொண்ணு கேட்டது தங்குறதுக்கு.
மருமகளே, ரெண்டையும் விடு, பார்க்குள்ளயே கேபின், காட்டேஜ் இருக்கு, கிச்சனோட. மாமனார் மாமியார் சைவம்னா அதுதான் சரி, அந்த ஊர்ல எந்த ஹோட்டலுக்குள்ள போனாலும் எறா, நண்டு, சிப்பிதான். நான் இட்லி குக்கரும் மாவும் ஐஸ் பெட்டில போட்டு எடுத்துட்டுத்தான் போவேன். காட்டேஜ் ஏரிப் பக்கம் இருக்கும், அந்த ஏரில முதலை உண்டு, போர்டே வெச்சிருப்பாங்க, பசங்களைத் தண்ணி ஓரமா தனியா விடாதே. கடல்லயும் கொடியைப் பாத்துட்டு இறங்குங்க. ரெண்டு சிவப்புக் கொடினா தண்ணில கால் வைக்கவே கூடாது, ஊதான்னா ஜெல்லி மீன். அலை சின்னதாத்தான் தெரியும், அடியில இழுக்கும்.

அட்லாண்டா மருமக:
நன்றிக்கா. இப்பதான் பாத்தேன், நாங்க போற வாரம் காட்டேஜ் எல்லாம் ஃபுல். அத்தை மாமாவுக்காக லாட்ஜ்லயே ரெண்டு ரூம் போட்டுட்டேன். இவரு த்ரெட்டை முழுசாப் படிச்சுட்டு டென்ட்டுதாசனுக்கு லைக் போட்டிருக்காரு, அதை ராத்திரி பேசிக்கிறேன்.

டென்ட்டுதாசன்:
அண்ணனை அக்டோபர் ஃபால் பிரேக்குல (ஸ்கூல் லீவுல) அனுப்பி வைங்க சிஸ், புழுக்கம் குறைஞ்சிருக்கும், ஆறு பேர் டென்ட் என்கிட்ட ஒன்னு சும்மாதான் கிடக்கு. தண்ணி சைட்ல வரும், தோசைக்கல்லு மட்டும் அவரு எடுத்துட்டு வரட்டும்.

ஹன்ட்ஸ்வில் அக்கா:
அக்டோபர்லயும் புயல் வரும் தம்பி. கேன்சல் பண்ணா பணம் திரும்புமான்னு கேட்டுட்டு புக் பண்ணச் சொல்லு.