விண்டோஸ் 10 காலம் முடிந்தது: 7ஆம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

செந்தூல்_அச்சகம்:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் அடிக்கிற சின்ன அச்சகம் எங்களுடையது. ஐந்து கம்ப்யூட்டர் ஓடுகின்றன. மூன்றில் கோர் ஐ5-7500, எச்110 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஹார்ட் டிஸ்க். நான்காவதில் ஐ5-8400, பி360 போர்டு, கூடவே ரொம்பப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. ஐந்தாவது கோர் 2 டுவோ இ8400. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த தமிழ் பைல்களைத் திறக்க மட்டும் அது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால் ஐந்துமே தகுதியில்லை என்று வருகிறது. கோரல்டிராவில் பேனர் பைல் திறந்தால்கூடத் திணறாத மெஷினை எதற்கு மாற்ற வேண்டும்? ஒரு விற்பனையாளர் ஐந்தையும் மாற்றச் சொல்லிக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை சிப்பை மட்டும் போட்டால் போதாதா? தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளை வைத்துக் கட்டாயமாக ஏற்றினால் பின்னால் தொல்லை வருமா?

ஜார்ஜ்டவுன்_ரிப்பேர்:

கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அண்ணே. 8400க்கு ஒரு காசு செலவில்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் சிப்களின் பட்டியலில் அது இருக்கிறது, கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயாஸின் அமைப்புதான் இடிக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்துப் பாருங்கள். பயாஸ் மோடு என்ற வரியில் லெகசி என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. விண்டோஸ் 11க்கு யூஇஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸ் முறையும், அதற்கேற்ற ஜிபிடி டிஸ்க் முறையும் வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் பைல்களுக்கு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துவிட்டு அதை சஸ்பெண்ட் செய்யுங்கள். பிறகு அட்மினாகத் திறந்த கமாண்ட் திரையில் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை வேலிடேட் என்று கொடுத்துச் சோதியுங்கள். தேறினால் கன்வர்ட். விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவதால் இரண்டு தடவையும் அலவ்ஃபுல்ஓஎஸ் என்பதைச் சேர்க்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய லெகசி முறையில் பூட் செய்யும் வசதி) அணைத்து, பிடிடி, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி) இரண்டையும் போட வேண்டும். இன்டெல் போர்டில் பிடிடி என்பதுதான் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, தனிச் சில்லு வாங்க வேண்டியதில்லை. டிஸ்க்கை மாற்றாமல் முதலிலேயே சிஎஸ்எம்மை அணைத்தால் பூட் டிவைஸ் இல்லை என்று நின்றுவிடும்.

அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டையும் கவனியுங்கள். யூஇஎஃப்ஐக்கு முந்தைய கார்டாக இருந்தால், சிஎஸ்எம் போனதும் திரை கறுத்துவிடும். போர்டு செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே சொருகுங்கள். 8400க்குள்ளேயே யூஎச்டி 630 கிராபிக்ஸ் இருக்கிறது, அச்சக வேலைக்கு அது போதும்.

பலகையும்_சிப்பும்:

7500 விஷயத்துக்கு நான் வருகிறேன். எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை சிப் எடுபடாது. சாக்கெட் இரண்டுக்கும் எல்ஜிஏ1151தான், சிப் அழகாக உட்காரும். ஆனால் மின்சாரப் பின்களின் ஒதுக்கீடு வேறு, பயாஸும் அதை அடையாளம் காணாது. எச்310, பி360, பி365 மாதிரி 300 வரிசை போர்டு வேண்டும். இருக்கிற டிடிஆர்4 ராமைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். பிராண்டட் மெஷினாக இருந்தால் கேஸைத் திறந்து பவர் சப்ளையைப் பாருங்கள். 24 பின் கனெக்டர் இல்லாமல் அந்தக் கம்பெனியின் சொந்தக் கனெக்டர் இருந்தால் புதுப் போர்டு அதில் ஏறாது. மெஷினோடு வந்த விண்டோஸ் லைசென்சும் (ஓஇஎம்) பழைய போர்டோடே போய்விடும்.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது எதில் என்றால், உங்கள் 7500இல் பிடிடி உண்டு, செக்யூர் பூட் உண்டு. மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பை வேகமாக ஓட்ட உதவும் எம்பிஇசி வசதியும் இன்டெலில் கேபி லேக்கிலிருந்தே, அதாவது 7ஆம் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. ஏஎம்டியில் அதற்கு இணையானது ஜென் 2 தலைமுறையில்தான் வந்தது. அப்படியிருந்தும் அதற்கு முந்தைய ரைசன் 2600 பட்டியலில் இருக்கிறது, 7500 இல்லை. மைக்ரோசாப்டின் சொந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருக்கும் ஐ7-7820எச்க்யூவுக்கும் சில கோர் எக்ஸ் சிப்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். தகுதியில்லாத மெஷின்களில் கர்னல் கிராஷ் (விண்டோஸின் மையப் பகுதியே நின்றுபோவது) 52 சதவீதம் கூடுதல் என்பது மைக்ரோசாப்ட் 2021இல் சொன்ன காரணம். அந்தக் கணக்கில் 7ஆம் தலைமுறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. நல்ல மெஷினை ஒதுக்க இந்த விளக்கம் போதாது.

ரூஃபஸ் வைத்து 7500இல் ஏற்றினால் ஏறும், ஓடும். மாதாந்தர அப்டேட் வரும், ஆனால் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. அடுத்த பதிப்பு தானாக வராது; ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், ப்ரோவில் 24 மாதம்தான் ஆதரவு என்பதால், முடிவதற்குள் ஐஎஸ்ஓ (நிறுவல் பைல்) இறக்கி நீங்களே மேலேற்ற வேண்டும். இதைக் காலண்டரில் குறித்துச் செய்ய ஆள் இருந்தால் சரி. கோர் 2 டுவோவில் இந்த வித்தையும் பலிக்காது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து சிப்பில் பாப்கவுன்ட், எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இருப்பது கட்டாயம். இ8400இல் அவை இல்லை, பூட்டே ஆகாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதைப் பழைய பைலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:

விண்டோஸ் 10க்குப் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கும் இஎஸ்யூ திட்டத்தை யாரும் சொல்லவில்லையே. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை இஎஸ்யூ உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸை சிங்க் செய்தால் இலவசம்; இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 அமெரிக்க டாலர். விண்டோஸ் 10 அதன் கடைசிப் பதிப்பான 22எச்2வில் இருக்க வேண்டும்.

உங்களுடையது தொழில் தம்பி, அதற்குக் கட்டணம் வேறு. ஒரு மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் காசையும் கட்ட வேண்டும். சாவியைப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள், ஆக்டிவேஷன் ஐடி கொடுத்து இன்னொரு கட்டளையும் ஓட்டினால்தான் அப்டேட் இறங்கும். மூன்று 7500க்கும் ஓராண்டு மட்டும் கட்டி, அதற்குள் ஒவ்வொன்றாக மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று ஆண்டுக்கும் கட்டினால் மெஷினுக்கு 427 டாலர். அந்தக் காசைப் பழைய மெஷினில் போடக்கூடாது.

கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மால் பக்கம் செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனால் ஐ7 என்ற ஸ்டிக்கரில் மயங்காதீர்கள். ஐ7-6700 தகுதியில்லை, ஐ3-8100 தகுதி. கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள், அதன் தொடக்கம்தான் தலைமுறை. கணக்கும் இன்வாய்ஸும் மட்டும் பார்க்கிற மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் 22 போடலாம். 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும், மலேசிய வரித் துறையின் மைஇன்வாய்ஸ் தளம் பிரவுசரில் திறக்கும். கோரல்டிராவுக்கு மட்டும் அது ஆகாது.

செந்தூல்_அச்சகம்:

நன்றி அக்கா, நன்றி அண்ணன்மார்களே. 8400இல் வேலிடேட் தேறவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன் காட்டுகிறது: சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, கடைசியில் மெஷினோடு வந்த ரிகவரி.

ஜார்ஜ்டவுன்_ரிப்பேர்:

அதுதான் காரணம். பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கட்டளை ஏற்காது. ரிகவரியைத் தொடாதீர்கள். டியில் உள்ளதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, நாலைந்து பைலைத் திறந்து சரிபார்த்துவிட்டு டியை அழியுங்கள். மறுபடி வேலிடேட், கன்வர்ட். ஜிபிடி ஆன பிறகு அதே இடத்தில் டியைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். செக்யூர் பூட் போட்டும் ஆக்டிவ் ஆகவில்லை என்று காட்டினால், பயாஸில் அதே பக்கத்தில் டீஃபால்ட் கீஸ் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் வரி இருக்கும். அதைக் கொடுத்து சேவ் செய்யுங்கள்.