முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் என்னதான் செய்தார்? மகளின் பேச்சுப் போட்டிக்குக் கேட்கிறேன்

திருமயத்து அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி, ஐந்து நிமிடம். எனக்கு அந்தப் பெயர் அறிமுகமானதே இவள் வயிற்றில் இருந்தபோதுதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் படிவம் எழுதிக் கொடுத்தேனே, அப்போது. நம்ம புதுக்கோட்டைப் பெண் என்பதே பிறகுதான் தெரிந்தது.

தேடினால் எல்லா இடத்திலும் ஒரே விஷயம்தான் வருகிறது. டாக்டருக்குப் படித்தார், அவ்வை இல்லம் தொடங்கினார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கட்டினார், தேவதாசி முறையை ஒழித்தார். நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறார், அதில் துணைத் தலைவர் வேறு. எத்தனை வருடம் இருந்தார், எந்தக் கட்சி, எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார், அதெல்லாம் கோர்வையாக எங்கேயும் கிடைக்கவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947 என்கிறார்கள், அவர் 1930-லேயே பதவியை விட்டுவிட்டார் என்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சட்டத்தை அவர் எப்படிக் கொண்டுவந்தார்? இன்னொன்று, எங்கள் தெருவில் ஒரு பெரியவர் "அந்தச் சட்டத்தால் அந்தப் பெண்களுக்கு நஷ்டம்தான்" என்கிறார். பிள்ளை மேடையில் தப்பாகப் பேசிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய கெஸட் எழுதியது:

அம்மா, முதலில் ஒரு திருத்தம். நிறைய இடங்களில் "மேலவை உறுப்பினர்" என்று போட்டிருப்பார்கள், மகளை அப்படிச் சொல்லவிடாதீர்கள். அப்போது சென்னை மாகாணத்துக்கு இருந்தது ஒரே ஒரு சபைதான். மேலவை, கீழவை என்று இரண்டாகப் பிரிந்தது 1937-இல்தான். ஆங்கிலத்தில் கவுன்சில் என்று இருப்பதால் பிற்காலத்து மேலவையோடு போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். "மாகாண சட்டசபை" என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு ஓட்டு 1921-இலேயே வந்துவிட்டது. ஆனால் சபையில் உட்காரும் உரிமை 1926 வரை இல்லை. அந்த வருடத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூர்ப் பக்கம் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். தேர்தலில் ஒரு பெண்ணும் ஜெயிக்காத நிலையில், அடையாற்றில் இருந்த இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமி பெயரை முன்வைத்தது, அரசு நியமித்தது. அதனால் அவர் தேர்தலில் நின்று ஜெயித்தவர் இல்லை, நியமன உறுப்பினர். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் 1927 ஜனவரியிலேயே சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நீதிக்கட்சி, சுயராஜ்யக் கட்சி, சுயேச்சைகள் எல்லோரும் இருந்த சபை அது. டாக்டர் சுப்பராயன் முதலமைச்சராக இருந்த காலம்.

மொத்தம் மூன்றரை வருடம்கூட முழுதாக இல்லை. மந்திரி பதவி கிடையாது, பின்னால் ஒரு கட்சி கிடையாது. இந்தச் சொற்பப் பலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பதைத்தான் உங்கள் மகள் பேச வேண்டும் என்பேன்.

காவிரிக்கரை எழுதியது:

1930, 1947 குழப்பத்தை நான் சொல்கிறேன். இதை யாரும் ஒழுங்காகப் பிரித்துச் சொல்வதில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கட்டம். முதல் கட்டம் 1927 நவம்பர். பெண் குழந்தைகளைத் தேவதாசியாக்கக் கோயிலில் பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஆனால் அது பரிந்துரைதான், அரசு செய்தாலும் செய்யலாம், விட்டாலும் விடலாம். வெள்ளைக்கார அரசுக்கு மத விஷயத்தில் கைவைக்கப் பயம். இழுத்தடித்தது.

இரண்டாவது கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நிலத்தில் இருக்கிறது. கோயிலில் சேவை செய்கிற குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. அந்த நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால் வீட்டில் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பெண் மறுத்தால் சோறு போச்சு. அப்போது இந்து அறநிலையச் சட்டம் புதிதாக வந்திருந்தது. முத்துலட்சுமி அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து 1929-இல் நிறைவேற்றினார். சேவை செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனை போனது, நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும், கோயிலுக்குக் கடமைப்பட வேண்டியதில்லை. தடை போடுவதற்கு முன்னால் வயிற்றுப்பாட்டை யோசித்திருக்கிறார் பாருங்கள். இது அவரே கொண்டுவந்து, அவர் உறுப்பினராக இருந்தபோதே சட்டமானது. இதை விட்டுவிட்டு 1947-ஐ மட்டும் சொல்வது அநியாயம்.

மூன்றாவது கட்டம், 1930. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவைத் தனி உறுப்பினராக அறிமுகம் செய்தார். கருத்துக் கேட்பதற்காகச் சுற்றுக்கு விட்டார்கள். அதற்குள் உப்பு சத்தியாகிரகம், காந்தி கைது. அதைக் கண்டித்து அவர் பதவியை விட்டார், மசோதா அப்படியே நின்றுபோனது. பிறகு 17 வருடம் கழித்து, ஓமந்தூரார் ஆட்சியில் 1947 அக்டோபரில்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவர் வயது 61. ஆகவே "முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்து, 1947-இல் முடிந்தது" என்று சொன்னால் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1909-லேயே கோயில்களில் தடை வந்துவிட்டது, அதனால் "இந்தியாவிலேயே முதலில்" என்றெல்லாம் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இந்த முறை வேண்டும் என்று சொன்னதாகவும், "அப்படியென்றால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று முத்துலட்சுமி பதிலடி கொடுத்ததாகவும் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் சுற்றும். சத்தியமூர்த்தி எதிர்த்தது உண்மை. ஆனால் அந்தப் பதிலைப் பகிர்கிற யாரும் சபை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பக்கம் காட்டி நான் பார்த்ததில்லை. கைதட்டல் விழும், ஆனாலும் வேண்டாம்.

சதிர் எழுதியது:

உங்கள் தெருப் பெரியவர் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள் அம்மா. அந்தச் சமயத்தில் எதிர்த்தவர்கள் வைதீகர்கள் மட்டும் இல்லை, தேவதாசிப் பெண்களே சங்கம் கூடி எதிர்த்தார்கள். அவர்கள் அரசுக்குக் கொடுத்த மனு இருக்கிறது, பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்ப்பில் முன்னால் நின்றார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு மண்டபம் கட்டிய அதே அம்மாள்தான். அவர்கள் கேட்டது, எங்களையும் விபச்சாரத்தையும் ஒன்றாக்காதீர்கள், எங்களுக்குப் படிப்புக் கொடுங்கள், எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடாதீர்கள் என்பது. அந்தக் காலத்தில் குடும்பப் பெண்ணுக்கு இல்லாத சொத்துரிமை அவர்களுக்கு இருந்தது, மகள் வழியாகச் சொத்து இறங்கும், பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம், எழுதப் படிக்கத் தெரியும், பாட்டும் ஆட்டமும் கையில் இருந்தது. பொட்டுக் கட்டுவது போனபோது இதெல்லாமும் சேர்ந்து போனது. 1932-இல், தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஆட்டத்தை மேடையில் நடத்தலாமா என்று பத்திரிகைகளில், அதை ஆதரித்த இ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலட்சுமிக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அவர் ஆட்டமே வேண்டாம் என்கிற பக்கம் நின்றார். அதில் அவர் நிலை தவறு என்பதுதான் என் எண்ணம். ஆட்டம் அழியவில்லை, பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குப் போனது, ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவே இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் குரலும் ஒரு வரியாவது மேடையில் வரட்டும்.

மேளக்காரர் பேத்தி எழுதியது:

இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் நான் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்று எழுதத் தோன்றுகிறது.

எங்கள் பாட்டியின் அம்மாவுக்குப் பொட்டுக் கட்டியிருந்தார்கள். ஏழு வயதில். பாட்டிக்குக் கட்டவில்லை, காரணம் அப்போது ஊரெல்லாம் இதைப் பற்றிப் பேச்சாகி, வீட்டுப் பெரியவர்களே பயந்துவிட்டார்கள். பாட்டி பள்ளிக்கூடம் போனார், ஆசிரியையானார், கல்யாணம் செய்துகொண்டார், அம்மாவைப் படிக்கவைத்தார், நான் இன்று இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பாட்டி வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் முத்துலட்சுமி அம்மாள் படம் இருக்கும், பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டது. அதே பாட்டிதான், நிலத்தை அண்ணன் தம்பிகள் எழுதி வாங்கிக்கொண்டதையும் சொல்லிச் சொல்லி அழுவார். முன்பு பெண்கள் கையில் இருந்த நிலம், குடும்பம் மற்ற குடும்பங்களைப் போல மாறியதும் ஆண்கள் கைக்குப் போனது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்தது. சதிர் சொல்வதும் சரி, காவிரிக்கரை சொல்வதும் சரி.

ஆனால் சதிர், ஒன்று சொல்ல வேண்டும். பாட்டும் ஆட்டமும் கையில் இருந்தது என்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. முத்துலட்சுமி அம்மாள் வெளியிலிருந்து வந்து எங்களுக்குச் சட்டம் போட்டவர் இல்லை. அவருடைய அம்மா சந்திரம்மாள் எங்கள் இசை வேளாளர் சமூகத்துப் பெண்தான். அந்த வீட்டில் வளர்ந்த பெண் எதைக் கண்டு பயந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவர் கோபத்தில் ஆட்டத்தையும் சேர்த்து வெறுத்திருக்கலாம், அதற்காக என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

பழைய கெஸட் எழுதியது:

பேத்தி, எழுதியதற்கு நன்றிம்மா.

தேவதாசி விஷயத்திலேயே நின்றுவிட்டோம், அவருடைய மற்ற நிலைப்பாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 21 ஆக்க வேண்டும் என்று 1928-இல் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த வருடம் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 14, 18 என்றுதான் வைத்தது, அதற்கே நாடு முழுக்க அவ்வளவு எதிர்ப்பு. இன்றைக்கு எட்டாம் வகுப்பு மாணவி இதைச் சொன்னால் கேட்கிற பிள்ளைகளுக்கு உடனே புரியும், ஏனென்றால் 14 என்பது அவர்கள் வயது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களுக்குக் கல்விச் சலுகை, முஸ்லிம் பெண்களுக்கு விடுதி என்று டாக்டர் கண்ணோடு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அரசியலில் அவரை ஒரு கட்டத்துக்குள் அடைப்பது கஷ்டம். இந்திய ஆட்சிச் சீர்திருத்தத்தை ஆராய வெள்ளைக்கார அரசு அனுப்பிய சைமன் கமிஷனைக் காங்கிரஸ் புறக்கணித்தபோது, அதன் கீழ் கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் இவர் உறுப்பினராக இருந்தார். அதே ஆள் 1930-இல் காந்திக்காகப் பதவியைத் தூக்கிப் போட்டார். முரண்பாடாகத் தெரியும். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், பெண்கள் படிப்புக்கு ஒரு வாசல் திறந்தால் யார் திறந்தது என்று அவர் பார்க்கவில்லை. சட்டசபையில் பெண்களுக்கு இடஒதுக்கீடு பற்றியும் கேட்பார்கள். அவருடைய மாதர் சங்கம் உட்பட மூன்று பெண்கள் அமைப்புகள் 1931-இல் சேர்ந்து, ஒதுக்கீடும் நியமனமும் வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுக் கொடுங்கள் என்றன. நியமனத்தில் உள்ளே போன ஒருவரின் சங்கம் அப்படிக் கேட்டது சாதாரணம் இல்லை. அந்தக் கணக்கு பலிக்கவில்லை என்று பின்னால் வந்த சபைகளைப் பார்த்தாலே தெரியும், அதில் எனக்கும் அவரோடு உடன்பாடு கிடையாது.

திருமயத்து அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக அடுப்படியில் இதே பேச்சுதான். பேத்தி அவர்கள் எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன், "ஏழு வயசா அம்மா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அவள் தங்கைக்கு இப்போது ஏழு.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்காது. அடையாறு மருத்துவமனையை எல்லோரும் பேசுவார்கள் என்பதால் ஒரு வரியோடு விட்டுவிட்டோம். 1929 நிலத் திருத்தத்தை நடுவில் வைத்திருக்கிறாள், வாட்ஸ்அப் வசனத்தை எடுத்துவிட்டாள், அந்தப் பெண்கள் கொடுத்த மனுவுக்கு இரண்டு வரி. 14, 16 வயது விஷயத்தில்தான் தொடங்கப் போகிறாள். மானிய நிலம் என்றால் என்ன என்று கேட்டாள், எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருப் பெரியவரிடமே அழைத்துப் போகிறேன். பேத்தி அவர்களே, உங்கள் பாட்டி படத்துக்குக் கண்ணாடி போட்ட கதையை, ஊர் பேர் எதுவும் இல்லாமல், மகள் மேடையில் சொல்லலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்.

மேளக்காரர் பேத்தி எழுதியது:

சொல்லட்டும். நிலத்தைப் பற்றி அழுததையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.