பால்டிமோர் பேஸ்பால் ஸ்டேடியம்: முட்டுவலிக்காரன் போவலாமா?

குழித்துறை பி.டி. சார்

வணக்கம். எனக்க மவ அமெரிக்காவில பால்டிமோர்ல நர்ஸ். வாற மே மாசம் நானும் வீட்டுக்காரியும் அங்க போறோம். பேரனுக்குப் பத்து வயசு. போன்ல வந்தாலே, "தாத்தா, உங்கள கேம்டன் யார்ட்ஸ் கூட்டிட்டுப் போவேன்"னு ஒரே நச்சரிப்பு. அது அந்த ஊர் பேஸ்பால் ஸ்டேடியம்.

31 வருஷம் பி.டி. வாத்தியாரா இருந்தவன் நான். கபடி, கோகோ, வாலிபால் எல்லாத்துக்கும் விசில் ஊதியாச்சு. பேஸ்பால் மட்டும் ரூல் புத்தகத்தில படம் பார்த்ததோட சரி. கடைசியா ஸ்டேடியத்துக்குப் போனது 2017 நவம்பர்ல, காரியவட்டத்தில நடந்த இந்தியா–நியூசிலாந்து டி20. மழை பிடிச்சு எட்டு ஓவர் ஆட்டமாச்சு. நனைஞ்சு நின்னதுல ஒரு சாயா கிட்டல்ல, திரும்ப பஸ்சும் கிட்டல்ல. அன்னைக்கே வீட்டுக்காரி இனி ஸ்டேடியம் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டா.

எனக்கு முட்டுவலி உண்டு. அங்க உக்காந்து எழும்ப முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? ஆட்டத்தில ஈடுபாடு இல்லாதவளுக்கு அந்தச் சுத்துவட்டாரத்தில பார்க்க எதாவது உண்டா? போனவங்க சொல்லுங்க.

செங்கோட்டைக்காரி

அண்ணாச்சி, தாராளமா போங்க. நான் அந்த ஊர்ல ஆறு வருஷம் இருந்தவ. அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன்.

முதல்ல, காரியவட்டத்த மனசுல இருந்து எடுத்துருங்க. இது ஊருக்கு நடுவுல இருக்கு. லைட் ரெயில் ஸ்டேடியத்து வாசல்லயே நிக்கும். கார்ல போய் பார்க்கிங்குக்குக் காசு அழாதீங்க. வழியில ஏதாவது ஸ்டேஷன்ல வண்டிய விட்டுட்டு ரெயில் ஏறுங்க.

ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலயே போயிரணும். மதினிக்குப் பிடிக்கப்போறது அந்த ரெண்டு மணி நேரந்தான். ஸ்டேடியத்தை ஒட்டி பழைய ரயில்வே சரக்குக் கிட்டங்கி ஒண்ணு நிக்கி. செங்கல் கட்டடம், எட்டு மாடி, நீளம் 1,116 அடி, அகலம் வெறும் 51 அடி. 1992ல ஸ்டேடியம் கட்டுனப்ப அதை இடிக்காம அப்படியே விட்டுட்டாங்க. கிட்டங்கிக்கும் மைதானத்துக்கும் நடுவுல போற யூட்டா தெரு, ஆட்டம் நடக்கும்போது டிக்கெட்காரங்களுக்கு மட்டும். நம்ம ஊர்ல திருவிழாவுக்கு ரதவீதிய அடைப்பாங்கல்லா, அது மாதிரி. பந்து பறந்து வந்து தெருவுல விழுந்த இடத்துல எல்லாம், பந்து அளவுக்கு ஒரு வெண்கல வில்லை தரையில பதிச்சிருப்பாங்க. அடிச்சவன் பேரும் தேதியும் அதுல இருக்கும். குனிஞ்சு குனிஞ்சு வாசிச்சே எனக்குக் கழுத்து வலிச்சுது. கிட்டங்கிச் சுவர்ல நேரா பந்தை அடிச்சவர் கென் கிரிஃபி ஜூனியர்ங்கிற ஆட்டக்காரர், 1993ல. அதுவும் மேட்ச்ல இல்ல, ஆல்-ஸ்டார் வாரத்துல சிக்ஸர் மாதிரி தூக்கி அடிக்கிறதுக்குன்னே வைக்கிற தனிப் போட்டியில.

பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் பிறந்த வீடும் ஒரு நடை தூரந்தான், எமரி தெருவுல. அகலமே இல்லாத வரிசை வீடு, இப்ப மியூசியம். அவரோட அப்பா சாராயக்கடை வச்சிருந்த இடம் இப்ப ஸ்டேடியத்துக்குள்ள, சென்டர் ஃபீல்டுல வருது. யூட்டா தெருவுலயே வடக்க நடந்தா லெக்சிங்டன் மார்க்கெட், 1782 முதல் நடக்கிற சந்தை. நண்டு கேக் அங்க சாப்பிடுங்க. நண்டு மேல ஓல்டு பேன்னு ஒரு பொடி தூவுவாங்க, நம்ம மசாலாவுக்கு முன்னால அது சப்புன்னுதான் இருக்கும், அத யார்ட்டயும் சொல்லிராதீங்க.

சாப்பாடு வெளியில இருந்து கொண்டு போகலாம், தண்ணி மூடி திறக்காத பிளாஸ்டிக் பாட்டில்னா விடுவாங்க. டிக்கெட் எடுக்கும்போது மேல்தளத்து நிழல் விழுற பின்வரிசையா பாருங்க, முட்டுக்கு நடைபாதை ஓரத்து சீட். ராத்திரி ஆட்டம்னா முடிஞ்சதும் கூட்டத்தோடயே ரெயிலுக்கு வந்துருங்க. தெரியாத சந்துல எல்லாம் உலாத்த வேண்டாம்.

பாறசாலை ரப்பர்

சாரே, நான் ஒரு தடவை வேற ஊர்ல போய்ப் பார்த்தேன். எறிவான், நிப்பான், துப்புவான், திரும்ப எறிவான். தூங்கிப் போனேன். டிவியில பார்த்தா போதும்.

செங்கோட்டைக்காரி

நீங்க போனது 2023க்கு முன்னாலயா இருக்கும். இப்ப எறியறதுக்குக் கடிகாரம் வச்சிருக்காங்க. அடிக்கிற அணிக்காரன் ஓடி வந்து நிக்கிற இடந்தான் பேஸ், அதுல யாரும் இல்லன்னா 15 நொடிக்குள்ள எறியணும். பழைய மாதிரி இழுக்காது.

கொழிஞ்சாம்பாறை

சார், நம்ம ஆட்டத்துல பந்து கூட்டத்துக்குள்ள போனா திருப்பிக் குடுக்கோணுமுங்க. அங்க புடிச்சவனுக்கே சொந்தம். பேரன் க்ளவ்வோட வந்தா சிரிக்காதீங்க, பெரியவங்களே மாட்டிட்டு வருவாங்க. மழை வந்தா டக்வொர்த் கணக்கெல்லாம் இல்லீங்க, தார்ப்பாய் போட்டு மூடிட்டு உக்காந்திருப்பாங்க.

இன்னொண்ணு. கேல் ரிப்கன்னு ஒரு ஆளு அந்த மைதானத்துலதானுங்க 1995 செப்டம்பர் 6ல தொடர்ச்சியா 2,131ஆவது ஆட்டம் ஆடுனாரு. லூ கெஹ்ரிக்குங்கிற பழைய ஆட்டக்காரரோட 2,130 ஆட்டச் சாதனையைத் தாண்டுன நாள். அட்டெண்டன்ஸ் எடுத்த வாத்தியாருக்கு இது புடிக்கும்னு சொல்றேன்.

குழித்துறை பி.டி. சார்

போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி. செங்கோட்டைத் தங்கச்சி சொன்னது போல ரெண்டு மணி நேரம் முன்னாலயே போனோம். வீட்டுக்காரி ஏத்தங்காய் வத்தலும் எலுமிச்சம் சோறும் கட்டி எடுத்தா. வாசல்ல பையைத் திறந்து பார்த்த பெரியவருக்கு நாலு வத்தல் நீட்டினா. அவரு சிரிச்சிட்டு வேண்டாம்னுட்டாரு. வெண்கல வில்லையை எல்லாம் எண்ணிக்கிட்டே நடந்தது அவதான், நான் இல்ல.

ஆட்டம் பாதி புரிஞ்சுது. மூணு ஸ்ட்ரைக்னா அவுட், நாலு பால்னா சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம்ங்கறது பிடிபட்டு. தேசிய கீதத்தில ஒரு இடத்தில கூட்டம் முழுக்க "ஓ!"ன்னு கத்தினதுல இவ பயந்து எனக்க கையப் பிடிச்சா. அந்த ஊர் அணியான ஓரியோல்ஸுக்கு அது செல்லப்பேராம். நம்ம பள்ளிக்கூட அசெம்பிளியில ஒருத்தன் அப்படிக் கத்தியிருந்தா நான் வெயில்ல நிறுத்தியிருப்பேன்.

வாசல்ல பேப் ரூத் சிலை உண்டு. அதப் பார்த்ததுமே எதோ உறுத்திச்சு. அவரு இடதுகைக்காரரு, சிலை கையில இருக்கிற க்ளவ்வோ வலதுகைக்காரனுக்கு உள்ளது. பேரன்கிட்ட சொன்னேன். அவன் போன்ல தேடிப் பார்த்துட்டு, "கரெக்ட் தாத்தா, எல்லாரும் இத சொல்றாங்க"ன்னான். ஆனா ரூத் சின்ன வயசில படிச்ச விடுதிப் பள்ளியில இடதுகை க்ளவ் கிட்டாம, வலதுகைக்காரன் க்ளவ்வாலயே ஆடினாராம்.

எனக்கு 1994ல படிச்ச ஒரு பயல் ஞாபகம் வந்தான். இடதுகை பேட்ஸ்மேன். பள்ளிக்கூடத்து கிரிக்கெட் பையில இருந்ததெல்லாம் வலதுகை க்ளவ். பந்து பட்டு விரல் வீங்கி வருவான். வேற வாங்கித் தாங்கன்னு மூணு வருஷம் எழுதிப் போட்டேன், வரல்ல. அவன் இப்ப மார்த்தாண்டத்தில ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். சிலையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். "சார், அந்த விரல் இப்பவும் நேரா மடங்காது"ன்னு பதில் போட்டிருக்கான்.