மே மாதம், 5 பேர், 15,000 ரூபாய்: கும்பகோணமா, ஏலகிரியா?

தண்டையார்பேட்டை வாசி:
மே மாதத்தில் நான்கு நாள் கிராமப்புறமாக எங்காவது போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மூட்டு வலியுள்ள அம்மா. கையில் 15,000 ரூபாய், கார் இல்லை. ஒரே ஊரில் அறை எடுத்து அங்கிருந்தே சுற்ற வேண்டும். கும்பகோணம், ஏலகிரி என்று வீட்டில் இரண்டு கட்சி. எது தோது?

காசிமேட்டுக் கடலோன்:
கும்பகோணம்தான் அண்ணே. எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியலில் அங்கே. தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம் எல்லாம் டவுன் பஸ் தூரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் ஐந்து பேரில் நான்கு பேர் பெண்கள்! அறை வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், அங்கிருந்து வெளியே போய் வர ஆகும் செலவையும் கூட்டுங்கள். மலையில் எதற்கெடுத்தாலும் ஆட்டோ பேச வேண்டும்.

பெரம்பூர் அக்கா:
கணக்கு சரி தம்பி, மாதம்தான் தப்பு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். மே மாதத்துக் காவிரியில் பிள்ளைகள் பார்க்கப்போவது மணல். அக்னி நட்சத்திரத்தில் கோயில் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. மதியம் நடை சாத்தினால் நாலு மணி வரை அறையில்தான் கிடக்க வேண்டும். அதற்கு ஏசி அறை கேட்கும், வாடகை ஏறும். ஏலகிரிக்கு என்றால் பெரம்பூரிலேயே நிற்கும் ரயில்கள் உண்டு. ஜோலார்பேட்டையில் இறங்கி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை. பெட்டியோடு எழும்பூர் வரை அலைய வேண்டாம்.

காசிமேட்டுக் கடலோன்:
ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம்தான் அக்கா, மதியம் அங்கேயும் சுடும். ஒரு மே மாதச் சனிக்கிழமை போனோம். போனில் சொன்ன வாடகையை வாசலில் இரண்டு மடங்காக்கினார்கள். கைக்குழந்தையோடு இரவு எட்டு மணிக்கு வேறு அறை தேடி அலைந்தேன். கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவரை அங்கே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கொருக்குப்பேட்டை நண்பன்:
திருப்பத்தூரில் லாட்ஜ் எடுத்து, பகலில் மலைக்குப் போய் வந்தால் என்ன?

பெரம்பூர் அக்கா:
மலையில் சுகமே விடியற்காலையும் ராத்திரியும்தான். அந்த நேரத்தில் கீழே புழுங்கிவிட்டு, உச்சி வெயிலுக்கு மேலே ஏறுவானேன்? கடலோன் தம்பிக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அது சனிக்கிழமைக் கூட்டத்தால் வந்தது. பெங்களூர்க்காரர்களும் வார இறுதியில்தான் வருவார்கள். திங்கள் போய் வியாழன் இறங்குங்கள். மலைமேலுள்ள அத்தனாவூரிலேயே தங்கினால் புங்கனூர் ஏரிக்கு நடந்தே போகலாம், ஆட்டோ செலவு பாதியாகும். அம்மாவும் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்.

தண்டையார்பேட்டை வாசி:
எனக்கும் திங்கள் முதல் வியாழன் வரை லீவு கிடைக்கும். ஏலகிரிதான் போலிருக்கிறது. வளைவில் அம்மாவுக்குத் தலை சுற்றுமே என்பதுதான் பயம்.

காசிமேட்டுக் கடலோன்:
முன் சீட்டில் உட்கார வையுங்கள் அண்ணே, வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறட்டும். முன்பணம் அனுப்பும் முன் மொத்த வாடகையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டையும் கேளுங்கள். கும்பகோணத்தை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலும் பச்சையாக இருக்கும்.